என் கணவர் சொன்ன சம்மதத்தை ஏற்க வேண்டாம்

அனுப்புநர்:
ச. தவமலர்,
க/பெ. சபாநாதன்,
மூலக்குளம், புதுச்சேரி.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வுப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: இலங்கை திரும்ப என் கணவர் தெரிவித்த சம்மதத்தை நிறுத்திவைத்து, மீண்டும் விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் 2006இல் வன்னியிலிருந்து படகேறி வந்தவர்கள். காவல் நிலையத்தில் முறையாகப் பதிவுசெய்து வாழ்கிறோம். மகள் கவிநிலா இங்கேதான் பிறந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

2. சென்ற வாரம் நான் தையல் வேலைக்குப் போயிருந்தபோது, தங்கள் அலுவலர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே சிவப்புத் தொப்பியோடு ஒரு காவலரும் வந்தார். இருவரும் மரியாதையாகவே நடந்துகொண்டதாக மகள் சொன்னாள். "சண்டை முடிஞ்சு இவ்ளோ வருஷம் ஆச்சே, ஊருக்குப் போக விருப்பந்தானே?" என்று அலுவலர் கேட்க, என் கணவர் எழுந்து நின்று, "ஓம் ஐயா" என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை மூவருக்கும் சேர்த்த சம்மதமாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதம் புறப்படத் தயாராக இருக்கும்படி நேற்று தகவல் வந்தது.

3. அது சம்மதம் அல்ல, ஐயா. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் "இல்லை" என்று சொன்ன அவருடைய தம்பி வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து சீருடைக்கு முன்னால் இவருக்கு ஒரே பதில்தான். வைத்திக்குப்பத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் இவர், மீன் வாங்க வரும் வங்கிக் காவலாளியைக் கண்டாலும் எழுந்து நிற்பார். "இன்னாண்ணே, வாட்ச்மேனுக்குமா எழுந்து நிப்ப?" என்று அங்கே கேலி செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்று வந்த காவலர், இந்த வெயிலில் வடக்கு எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளம் வரை நடந்துபோகச் சம்மதமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

4. ஊர் இப்போது பாதுகாப்பாக இருக்கிறது என்றும் அலுவலர் சொன்னாராம். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சாலை போட்டிருக்கிறார்கள், மின்சாரம் இருக்கிறது, குண்டு விழுவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அடுத்த நிலத்தில் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. எங்கள் கிணறு அவர்களுடைய வேலிக்கு உள்ளே. அங்கேயே வாழும் என் கணவரின் அக்கா, தொலைபேசியை எடுத்ததுமே, நாங்கள் எதுவும் கேட்காமலே, "இங்க ஒரு பிரச்சினையும் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிடுவார். நாங்கள் வரப்போவதாக நேற்று அவரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வாங்கோ. பிள்ளையை மட்டும் அங்கேயே விட்டிட்டு வாங்கோ" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

5. ஊர் ஆசை எனக்கும் உண்டு. போக வேண்டிய நாளை நாங்களே முடிவு செய்ய வேண்டும். ஆகவே, பயணத்தை நிறுத்திவைத்து, சீருடையில் யாரும் இல்லாமல், என் கணவரை உட்காரவைத்து விசாரிக்கும்படி பணிந்து கேட்கிறேன். மறுத்தால் ஒன்றும் நேராது என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். என்னையும் மகளையும் தனியே கேளுங்கள்.

6. இம்மனுவில் என் கணவரின் கையெழுத்து இல்லை. கேட்டால் போட்டுவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.

இடம்: புதுச்சேரி
நாள்: 12.08.2024

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,
ச. தவமலர்