நீ போடாத புள்ளி

இன்று காலை மும்பை சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் போனில் அந்தப் படம் வந்தது. ஓர் இளம் நட்சத்திரம், அதைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு தட்டு, தட்டின் நடுவே கருத்த இடைவெளி, அதற்குள் ஒரு புள்ளி. உருவாகிக்கொண்டிருக்கும் கோள்தான் என்று எங்கோ ஒரு குழு உறுதிசெய்துவிட்டதாம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

முதலில் அதைப் பார்த்தவள் நீ. தாராவியில் உன் வீட்டுக்குக் கீழே தோல்பை தைக்கும் மிஷின்கள் ஓட, மாடியில் நாம் இருவரும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். படத்திலிருந்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கழித்ததும் அந்தப் புள்ளி மங்கலாகத் தெரிந்தது. நான் துள்ளினேன். "ஏட்டி, சும்மா இரு. தூசிக் கட்டியா இருந்தாலும் இப்படித்தான் தெரியும்" என்றாய்.

நம் ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் நாமே பொய்க் கோள்களைப் போட்டு, வெளிச்சத்தைக் கழித்த பிறகும் அவை தெரிகின்றனவா என்று சோதிப்போம். தெரிந்தால்தான் நம் கணக்கை நம்பலாம். நீ போட்டாய், சோதித்தாய், போட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டாய். இந்தப் புள்ளி மட்டும் அப்படியே இருந்தது.

குழுக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டியதும் நம் ஆராய்ச்சிக் கைடு, வசதியான மாட்டுங்காப் பக்கத்துக்காரர், சிரித்தார்.

"நீ போட்ட பொய்யையே எடுக்க மறந்துட்டியேம்மா."

அறையே சிரித்தது. "அது நான் போட்டதில்ல சார்" என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தொலைநோக்கியில் மறுபடி ஒருமுறை பார்த்து, புள்ளி நட்சத்திரத்தைச் சுற்றி நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டால் போதும், கோள்தானா என்பது உறுதியாகிவிடும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். "முதல்ல கவனமா வேலை செய்யக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நீ தலையாட்டிவிட்டு வந்தாய். அதனால் உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒருநாளாவது சண்டை போட்டிருக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து நீ போயே போய்விட்டாய்.

இன்று மதியம் அதே மனிதர் புதிய படத்தை எங்களுக்குக் காட்டினார். புள்ளி, நகர வேண்டிய திசையில் நகர்ந்திருந்தது.

"நம்ம குரூப்ல இதை அப்பவே சந்தேகப்பட்டோம்" என்றார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி, "யார் சார் பார்த்தது?" என்று கேட்டாள்.

"ஒரு ஸ்டூடண்ட். இப்ப இல்ல."

நான் எழுந்தேன். உன் முழுப்பெயரைச் சொன்னேன். "அவ காட்டினப்ப நீங்கதான் சார் முதல்ல சிரிச்சீங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த படத்துக்குப் போகலாம் என்றார். நான் உட்காரவில்லை.

"கோவப்பட்டா கணக்கு தப்பிரும்" என்பாய். நான் கோபத்தோடுதான் பேசினேன், ஆனால் சொன்னதில் ஒரு சொல் தப்பவில்லை. இதை நான் ஆறவிடப் போவதில்லை. நீ படாமல் விட்டுப்போன கோபமும் சேர்ந்து இப்போது என்னிடம்தான் இருக்கிறது.