முப்பத்து மூன்று டிகிரிக்கு மேல்

மே 9, 06:40
பவளம் விண்நிலையம். ஆள் நான் ஒருத்தி: ஜெசிந்தா, கடல் வெப்பநிலை ஆய்வாளர். நுண்ணலை உணர்வி சீராகச் சுழல்கிறது. மேகம் மூடியிருந்தாலும் அதனடியில் கடல் எவ்வளவு சூடு என்று இது சொல்லிவிடும். அரபிக்கடல் 29.4 டிகிரி. மறுபடியும் உப்புமா பொட்டலம்தான்.

தரையிலிருந்து நல்லசிவம்: "மேடம், மேப் க்ளியரா வந்துடுச்சு. உங்க தம்பி சாட்டிலைட் போன்ல கேட்டாரு, மீன் எந்தப் பக்கம்னு."

தம்பி பெர்க்மான்ஸ் தூத்தூரிலிருந்து தங்குகடல் போகிறவன், நாள்கணக்கில் படகிலேயே தங்கி மீன் பிடிப்பவன். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் ஓரத்தில் மீன் கூடும். என் அளவுகளை வைத்துக் கணினி அந்த ஓரத்தைக் கோடாகப் போடும். வேறு யார் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். எனக்கு அதில் பெருமைதான்.

மே 9, 15:12
ஏதோ பொடிக்கல் பட்டுப் பேசும் ஆண்டெனா போய்விட்டது. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. உணர்வியின் அளவுகள் மட்டும் தனி வழியில் தரைக்கு இறங்குகின்றன. அடுத்த விண்கலம் வர ஒன்பது நாள்.

மே 10, 08:05
லட்சத்தீவுக்கு மேற்கே 34.6. மூன்று முறை பார்த்தேன், 34.6தான். மேலே மழைமேகம் சுழல ஆரம்பித்திருக்கிறது. இந்தச் சூட்டைக் குடித்தால் ஒரே நாளில் பெரும்புயலாகிவிடும்.

"மேப் நார்மல் மேடம். சின்ன தாழ்வு மண்டலம்தான். நீங்க ரேடியோவைப் பாருங்க."

நார்மலா? என்ன பேசுகிறான் இவன் என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் உறைத்தது. தரைக் கணினியில் ஒரு விதி உண்டு: 33க்கு மேல் எது வந்தாலும் கருவிக் கோளாறு, தூக்கிப் போட்டுவிட்டு முப்பதாண்டுச் சராசரியை நிரப்பு. எட்டு வருடம் முன்பு அதை எழுதியவள் நான். "கடல் இப்படிக் கொதிக்காது" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னேன்.

அளவில் விழும் இடைவெளிகளை யாராவது சைகையாகப் புரிந்துகொள்ளட்டும் என்று உணர்வியை நிறுத்தி நிறுத்தி இயக்கிப் பார்த்தேன். இடைவெளிகளையும் சராசரி நிரப்பிவிட்டது. இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் முதலில் அந்த விதியை அழித்துவிடுங்கள்.

மே 10, 13:30
ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உணர்வி ஒரு சூட்டுத் தகட்டைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். தகட்டை உணர்விக்குத் தெரியாமல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினால், அதோடு ஒப்பிடும் எல்லா அளவும் இரண்டு டிகிரி குறைந்து காட்டும். 34.6 என்பது 32.6 ஆகும், விதி அதை உள்ளே விட்டுவிடும். தரையில் யாராவது பார்த்துப் பதறுவார்கள். வெளியே போய்ச் சூடேற்றியை ஒட்டிவிட்டு வந்தேன். விரல்கள் மரத்துவிட்டன.

மே 10, 17:48
"சூப்பர் மேடம்! லட்சத்தீவுக்கு மேற்கே கோடு கத்தி மாதிரி விழுந்திருக்கு. மீன் அறிவிப்பு தானாவே போயிடுச்சு. உங்க தம்பி பேசி அனுப்பியிருக்காரு, கேளுங்க."

"எக்கா, ஒனக்க கோடு கண்டேன். சூரை கூட்டமா நிக்கும். பதினஞ்சு பேரும் அங்கோட்டுதான் போறோம். நீ எப்பம் வருவ? அம்ம தேடுதா."

புத்திசாலித்தனம் பண்ணி நானே அவனை அங்கே அனுப்பிவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை.

மே 11, 05:20
சூடேற்றியைப் பிய்த்தெறிந்தேன். கோடு அழிந்தால் திரும்பிவிடுவான். திரும்பிவிடு, ராசா.

"கோடு போயிடுச்சு மேடம். அவருகிட்ட சொன்னோம். கடல் நார்மல்தான், பயமில்ல, அங்கேயே நின்னு பாருங்கன்னுட்டோம்."

மே 11, 11:02
செத்த மைக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. அவன் போனை நேராக இணைத்துவிட்டார்கள்.

"எக்கா, காத்து மாறுது... மேப்புல ஒண்ணும் இல்லண்ணு சொல்லுதாவ... தண்ணி வெந்நி மாதிரி கெடக்குக்கா... நீ பாக்கியா? சொல்லு, எந்தப் பக்கம் ஓட்ட? எக்கா, கேக்குதா? எக்..."

கேக்குதுல. கேக்குது. வடக்கே ஓட்டு. வடக்கே

மே 11, 12:36
அவன் இருந்த இடத்துக்கு மேலே வந்துவிட்டேன்.
உணர்வி: 35.1.
தரை அனுப்பிய வரைபடம்: 28.9. குறிப்பு: இயல்பு.
அந்தச் சொல்லையும் நான்தான் எழுதி வைத்தேன்.