ஒரே ஒரு மணி

12 ஆகஸ்ட் 1996, திங்கள். ஆழ்வார்குறிச்சி.

எங்கள் வீட்டுக்குப் போன் வந்ததிலிருந்து இப்படி ஒரு பழக்கம். வெளியூர் போனவர்கள் பூத்திலிருந்து ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர்களுக்குக் காசு ஓடும்.

இன்று மகள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். அடுத்த வீட்டுச் செல்வியின் புருஷனும் இன்றுதான் பம்பாய் சேர வேண்டும்; அவர்களுக்கும் எங்கள் போன்தான். சாயங்காலம் மணி ஒரு தடவை அடித்து நின்றது.

செல்வி ஓடி வந்தாள். "யக்கா, எங்க வீட்டுக்காரவியதான! சேந்துட்டாவ!" கண்ணெல்லாம் தண்ணீர். "ஆமாட்டி" என்றுவிட்டேன்.

இவர் கடையிலிருந்து வந்ததும், "பிள்ள சேந்துட்டாளா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அதற்கப்புறம் போன் அடிக்கவே இல்லை. செல்வி வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இவர் குறட்டை விடுகிறார். போன் பக்கத்தில் பாயைப் போட்டிருக்கிறேன். யார் இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் தெரியவில்லை.