இருநூற்றுப் பதினாறு கிலோ

லோஹினியெமி
9 செப்டம்பர் 2007

ரவ்னோ,

சென்ற அக்டோபரில் நம் ஊரில் பனிவண்டிகளின் எடையை எழுதிவைக்கும் ஏரிக்கரைப் பலகையில் என் பெயரைப் போட்டு ஒரு பொய் எடையை எழுதினாய். அதை நம்பி என் மகன் தபானி, சரியாக உறையாத ஏரியில் பனிவண்டியை இறக்கினான். நவம்பர் நான்காம் தேதி அவனை எடுத்தார்கள். வண்டியை ஜூன் மாதம்தான் எடுத்தார்கள்.

தொலைபேசியில் உன்னோடு பேச மாட்டேன். பேசினால் நீ பிறகு மாற்றிச் சொல்வாய். எழுத்தில் இருக்கட்டும்.

பதினொரு ஆண்டுகளாக இந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு புது வண்டியையும் நான்தான் நிறுத்தேன். யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. மீன் கொட்டகையின் இரண்டு தராசுகள், ஒன்று முன்சறுக்குகளுக்குக் கீழே, ஒன்று பின்பட்டைக்குக் கீழே. முன்னால் நான், பின்னால் தபானி. டாங்க் நிறையப் பெட்ரோல், எண்ணெய், குளிர்நீர், இழுகொக்கி, கருவிப்பை எல்லாம் இருக்க வேண்டும். ஓடும்போது வண்டி எப்படி இருக்குமோ அப்படி. கம்பெனித் தாளில் போடுவது உலர்ந்த எடை. அது ஒரு ஆளின் எலும்பை மட்டும் நிறுத்து, இதுதான் அவன் எடை என்று சொல்வது போன்றது.

உன் கடையின் சிவப்பு வண்டிக்கு 216 என்று எழுதினாய். மேல்வரியில் ஊர்ஹோவின் மஞ்சள் வண்டிக்கு நான் நிறுத்த 249 இருந்தது. உலர்ந்ததையும் நிறைந்ததையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்தாய். பார்த்தவர்கள் எல்லோரும் சிவப்புதான் லேசு என்று நம்பினார்கள். பனி பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆனதும் இருநூற்று இருபது கிலோவுக்கு உட்பட்ட வண்டி மட்டும் ஒற்றை ஆளோடு போகலாம் என்பது நம் விதி. அந்த விதிக்குள் உன் வண்டியை நுழைத்துவிட்டாய்.

அந்த எண் இன்னும் பலகையில் இருக்கிறது. ஊரில் மூன்று பேரிடம் அதே சிவப்பு வண்டி இருக்கிறது. ஏரி மறுபடி உறைய ஆறு வாரம்கூட இல்லை. எழுதியவர்தான் அழிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வா. எல்லோர் முன்னும் அழி. பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடு.

மருமகள் சிர்ப்பா இப்போது என்னைத் தவிர யாரிடமும் பேசுவதில்லை. வேலை முடிந்ததும் தினமும் என் வீட்டுக்கு வந்து உட்கார்கிறாள். அவளுக்குக் கணவன் போய்விட்டான். எனக்கு மகன். உனக்கு என்ன போயிற்று?

ஹில்க்கா

*

இவலோ
17 செப்டம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

ரவ்னோ எழுதுகிறேன். இடுப்பு எப்படி இருக்கிறது? குச்சி இல்லாமல் நடக்கிறாய் என்று பஸ் ஓட்டுநர் சொன்னான். சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரி மெர்வி உனக்கு அனுப்பிய பழ ஜாமை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டாய். "உங்க அக்கா கையாலகூடத் தொடல. நானே சாப்பிட்டுடட்டுமா?" என்று கேட்டான். சாப்பிடு என்றேன். வேறு என்ன சொல்ல?

முன்பெல்லாம் ஷாப்பிங் பட்டியல் அனுப்பினாலும் மேலே "அன்புள்ள தம்பி" என்று எழுதுவாய். இந்தக் கடிதத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

நான் எழுதியது பொய் இல்லை, அக்கா. கம்பெனி கொடுத்த எண். எல்லாக் கடைக்காரர்களும் அதைத்தான் எழுதுகிறோம். மஞ்சள் வண்டிக்காரனின் தாளிலும் உலர்ந்த எடைதான் இருக்கிறது. நீதான் அவனுடையதை நிறைத்து நிறுத்தாய்.

போலீஸ் அறிக்கையை நீயும் படித்தாய். அந்த இடத்தில் அடியில் நீரோட்டம். பனி எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இன்னும் லேசான வண்டி போயிருந்தாலும் உடைந்திருக்கும். இருபது முப்பது கிலோ வித்தியாசமா அவனைக் கொன்றது? ஏரி கொன்றது.

எனக்கு என்ன போயிற்று என்று கேட்கிறாய். அவனை முதல்முதலில் வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஓட்டியது நான். இப்போது கடைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே, "என்ன ரவ்னோ, இது உலர்ந்த வெலையா, நனைஞ்ச வெலையா?" என்று கேட்கிறார்கள். சிரிக்க வேண்டியிருக்கிறது.

சிர்ப்பாவுக்கு ஒரு புது வண்டி கொடுக்கலாம் என்று மெர்வி சொல்கிறாள். நீ கேட்டுச் சொல். பலகை விஷயத்தை விட்டுவிடு. எல்லோர் முன்னும் நிற்க என்னால் முடியாது.

உன் அன்புத் தம்பி
ரவ்னோ

*

லோஹினியெமி
24 செப்டம்பர் 2007

ரவ்னோ,

வண்டி கொடுக்கிறேன் என்கிறாய். சிர்ப்பாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினாள். அதுதான் பதில்.

ஏரி கொன்றது என்கிறாய். நீரோட்டம் அங்கே இருப்பது உனக்கும் எனக்கும் தபானிக்கும் தெரியும். முதல் வாரத்தில் அங்கே பனி மெலிதாக இருக்கும் என்பதற்காகத்தான் அந்தப் பலகையே. உன் எண் பனியை உடைத்தது என்று நான் சொல்லவில்லை. அவனைக் கரையிலிருந்து இறக்கியது என்கிறேன். வித்தியாசம் உனக்குப் புரியாமல் இல்லை.

அன்று காலை கரையில் என்ன நடந்தது என்று ஊர்ஹோ என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். நான் அப்போது மருத்துவமனையில்தான் இருந்தேன். ஏழு பேர் பனிக்கு அடியில் வலை வைக்கக் காத்திருந்தார்கள். பனி பன்னிரண்டு. பலகையைப் பார்த்துவிட்டுத் தபானி சிரித்திருக்கிறான்.

"டேய் ஊர்ஹோ, உன் மஞ்சக் குண்டனக் கட்டி வெச்சுட்டு வீட்ல போய்த் தூங்கு. நல்ல எடமெல்லாம் நான் புடிச்சுக்கறேன்."

"அவ்ளோ லேசா உன் வண்டி? பாத்தா அப்படித் தெரியலயேடா."

"பாத்தா எப்படித் தெரியும்? தராசுக்குத் தெரியும். அம்மா போட்ட கணக்கு. எங்க அம்மா தராசோட சண்ட போட்டு ஜெயிச்சவங்க யாருமில்ல."

ஊர்ஹோ அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தபானி உன்னை நம்பவில்லை, ரவ்னோ. மாமா கடைக்காரர், கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பேசுவார் என்று அவனுக்குத் தெரியும். என்னை நம்பினான். பதினொரு ஆண்டு சேர்த்த பெயர் அது. நான் படுக்கையில் கிடந்தபோது அதை எடுத்து உன் வண்டியில் ஒட்டிக்கொண்டாய். என்னைக் கேட்காமல்.

வில்யோ இப்போது ஊர்க்குழுத் தலைவர். "இத்தன நாள் அது அங்கயே கெடக்குதே, நானே தொடச்சுடட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். எழுதியவன் வந்து அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அதன் முன்னால் நடந்துதான் சிர்ப்பா தினமும் வேலைக்குப் போகிறாள். அதையும் நீ தெரிந்துகொள்.

ஹில்க்கா

*

இவலோ
3 அக்டோபர் 2007

அக்கா,

இதை எழுதக் கூடாது என்று பதினொரு மாதம் நினைத்திருந்தேன். நீ திட்டு, திட்டிக்கொண்டே இரு, உனக்கு யாராவது வேண்டும் என்று இருந்தேன். "என்னைக் கேட்காமல்" என்று எழுதிவிட்டாய். இனி முடியாது.

நான் கேட்டேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், அக்டோபர் பதின்மூன்று, மாலை நான்கு மணி இருக்கும். பட்டியலோடு உன் வார்டுக்கு வந்தேன். உன் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் வானொலி வைத்திருந்தாள். சிவப்பு வண்டி நேற்றுத்தான் வந்தது, தபானி மரம் வெட்டும் இடத்தில் இருக்கிறான், நிறுக்க ஆளில்லை, கம்பெனி எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ தாளை வாங்கிப் பார்த்தாய். பார்த்தாய், அக்கா. பிறகு, "சரி சரி, எழுதிக்கோ. எனக்கு வலி உயிர் போகுது. தபானி வந்ததும் நிறுத்துக்கலாம்" என்றாய். பேனாவை நான் கொடுக்கவில்லை. நீயே மேசையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டாய்.

அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தை நான் போடத் தெரிந்தவன் இல்லை.

மருந்து மயக்கத்தில் மறந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

என் பங்கை மறைக்கவில்லை. தபானி திரும்பி வந்து கடைக்கு வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். "மாமா, இது அம்மா போட்ட கணக்குதானே?" என்று கேட்டான். "ஆமாடா, கையெழுத்தே போட்ருக்கா" என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொல்ல முடிந்தது. இன்னும் நிறுக்கவில்லை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாரம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வண்டி வாங்க வந்தார்கள். சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அந்த எண்ணை நான் எழுதினேன், சரி. வீடு திரும்பிய பிறகு, ஒரு வருடமாக அதை அங்கேயே விட்டுவைத்தது யார்? வில்யோ துடைக்கிறேன் என்றும் நீ விடவில்லை. மூன்று பேர் இன்னும் அந்த வண்டியை ஓட்டுகிறார்கள். என்னைத் தண்டிக்க அவர்களைப் பனியில் நிறுத்தி வைத்திருக்கிறாய்.

மெர்விக்கு நான் எழுதுவது தெரியாது. சிர்ப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ரவ்னோ

*

லோஹினியெமி
15 அக்டோபர் 2007

ரவ்னோ,

நகல் வந்து பத்து நாள் ஆகிறது. கையெழுத்து என்னுடையது. கடைசி எழுத்தின் வாலை நான்தான் அப்படி இழுப்பேன்.

மருந்தின் மேல் பழி போட மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் வானொலி பாடியது எனக்கும் நினைவு வந்துவிட்டது. அன்று அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். அதற்கு எனக்குத் தெம்பு இருந்திருக்கிறது. அந்த அளவு எஞ்சின் வைத்த வண்டி இருநூற்று நாற்பதுக்குக் கீழே வராது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கண்ணால் 216 என்று படித்தேன். இவன் போகட்டும், வலி போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். பதினொரு ஆண்டில் நிறுக்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

என் மகனிடமும் சொல்லவில்லை. அவன் மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்தான். சூப் கொடுத்தான், தலை வாரிவிட்டான். வண்டி வாங்கியதைச் சொன்னான். "நல்ல வண்டியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ தெரிந்தே வாயை மூடினாய். உன் குற்றம் குறையவில்லை. என்னுடையது அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது பெரியது என்று பார்க்கத் தராசு இல்லை.

மூன்று பேர் விஷயத்தில் நீ சொன்னது சரி.

ஏரியின் ஓரம் நேற்று காலை வெளுத்திருந்தது. ஆகவே நடக்க வேண்டியவை:

பலகையில் அந்த வரியை அழிப்பது நான். அழிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர். இன்று காலை போய் அழித்துவிட்டேன். அந்த இடத்தில் "நிறுக்கப்படவில்லை, ஏரியில் இறக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன். மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன்.

கொட்டகையைத் திறந்து இரண்டு தராசையும் சமமாக வைப்பது ஊர்ஹோ. கேட்டேன். தலையாட்டினான்.

பெட்ரோல், எண்ணெய், குளிர்நீர் கொண்டுவருவது நீ. வரும் சனிக்கிழமை, இருபதாம் தேதி, காலை பத்து மணி. நிறுக்கப்போவது தபானியின் வண்டியை. சேறு கழுவி வைத்திருக்கிறேன். பின்பக்கத்தைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். நீ தூக்க வேண்டும். என்னோடு பேச வேண்டாம். எண்ணை மட்டும் உரக்கச் சொல். நான் எழுதிக்கொள்கிறேன்.

அதன் கீழே, நிறுக்காமல் எழுதினேன் என்று நீயும், நிறுக்காமல் கையெழுத்திட்டேன் என்று நானும் எழுத வேண்டும். யார் எதிரில் என்பதை வில்யோ முடிவு செய்வார். முடிந்ததும் நீ வந்த வழியே போக வேண்டும். உன்னைக் காபிக்குக் கூப்பிட மாட்டேன்.

இனி இந்த ஊரில் வண்டிகளை நிறுப்பது யார் என்பதை வில்யோவும் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இல்லை.

சிர்ப்பா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து இன்று நான்கு மணிக்கு இங்கே வருவாள். ஒரு வருடமாக என் மேசையில் உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கிறாள், நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியது நான்.

ஹில்க்கா