டைப்பிங் கிளாசுக்குப் போன சித்தாள்

12-6-1978

அண்ணனுக்குப் பட்டுக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி இது. கிழமையெல்லாம் தப்பாக இருக்கும். பரவாயில்லை, எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

மாணிக்கவேல் அண்ணன் தறியில் உட்காருகிறான். அண்ணி வந்த நாளிலிருந்து நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது, அதாவது தார் சுற்றுவது, அவள் வேலை. சமையல் அம்மா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த ரேணுகாம்பாளாகிய எனக்கு என்ன வேலை என்றால், வீட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி உட்காருவது. இன்று எங்கே உட்கார்ந்தாலும் அங்கே யாராவது பெருக்க வந்தார்கள். கடைசியில் அண்ணன் தறியில் இருந்தபடியே கேட்டான்: "உக்காந்துகினு துன்றதுக்குன்னே ஒரு ஆளு வேணுமா இந்த வூட்ல?"

"நாளைக்கே வேலைக்குப் போறேன்" என்றேன்.

"இன்னா வேலை?"

"எதுவா இருந்தா உனக்கு இன்னா?"

எது என்று எனக்கே தெரியாது. ஆத்திரம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் பத்தடி போய்விடும்.

14-6-1978

தெருக்கோடிக் கன்னியம்மா கட்டட வேலைக்குப் போகிறவள். அவளிடம் கேட்டேன். "தறிக்காரன் வூட்டுப் பொண்ணு சாந்துச் சட்டி தூக்குவியா? தல தாங்குமாடி?" என்று சிரித்தாள். தாங்கும் என்றேன்.

அம்மா அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, ஒரு வழி கண்டுபிடித்தாள். தேவிகாபுரத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். அது பஸ்ஸில் போகிற தூரம். நம் தெரு ஜனம் பார்க்காது. கேட்கிறவர்களுக்கு, பொண்ணு டைப்பிங் கிளாசுக்குப் போகிறாள்.

ஆரணியில் இல்லாத டைப்பிங் கிளாஸ் தேவிகாபுரத்தில் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் தெருவின் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

15-6-1978

கழுத்து திரும்பவில்லை. நாளை எழுதுகிறேன்.

19-6-1978

முதல் நாளே மேஸ்திரி பச்சையப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச பொண்ணா? சட்டிக்குப் படிப்பு தெரியாதும்மா, ஜல்தி தூக்கு" என்றார்.

கட்டட வேலையில் இரண்டு ஜாதிதான். கரணை பிடித்து சுவர் வைக்கிறவன் கொத்தனார். அவனுக்குக் கலவையும் செங்கல்லும் தலையில் சுமப்பவள் சித்தாள். கொத்தனார் "சாந்து" என்பார். நாங்கள் ஓடுவோம். அவர் பீடி பற்றவைத்தால் நிற்போம். கன்னியம்மா இப்படி ஓடி நின்று இருபது வருஷம் ஆகிறதாம்.

என்னோடு அதே நாளில் சேர்ந்தவன் தங்கவேலு, தேசூர்க்காரன். கலவையில் தண்ணீர் விடச் சொன்னால் பாயசம் காய்ச்சிவிடுவான்.

3-12-1978

இன்று தங்கவேலுவின் கையில் கரணை கொடுத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து, சூடம் காட்டி, மேஸ்திரி காலில் விழுந்து வாங்கினான். ஆறு மாசத்தில் அந்தப் பாயசக்காரன் கொத்தனார்! வைத்த முதல் வரிசையே குடிகாரன் நடை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நானும் அதே நாள்லதான மேஸ்திரி சேர்ந்தேன்? எனக்கு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கன்னியம்மாவும்தான்.

"பொம்பள கரணை தொட்டா சுவரு வெடிச்சிக்கும்மா" என்றார் மேஸ்திரி. ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வது போல.

தங்கவேலுவின் சுவர் சாயங்காலமே இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அதை நான் தொடவே இல்லை.

எழுதி வைக்கிறேன்: நான் கொத்தனார் ஆவேன். இருபது வருஷம் சட்டி தூக்க என்னால் ஆகாது.

9-2-1979

மத்தியானம் சாப்பிட்டதும் மேஸ்திரி வேப்பமரத்தடியில் ஒரு தூக்கம் போடுவார். அவர் குறட்டைதான் எனக்குப் பள்ளிக்கூட மணி. தினமும் பின்பக்கக் கக்கூஸ் சுவரில் பூசிப் பார்க்கிறேன். மிச்சக் கலவைதான். அவர் எழுந்திருப்பதற்குள் வழித்துப் போட்டுவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு மாசமாக அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

இன்று மணல் லாரி வந்துவிட்டது. இறக்கப் போன இடத்தில் சுவரை மறந்தேன். திரும்பி வந்தால் மேஸ்திரி அந்தச் சுவர் முன்னால் நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

கையால் தடவிப் பார்த்தார். "டேய் தங்கவேலு! இது பூச்சு! இத்தினி நாளா எங்கடா வச்சிருந்த இந்தக் கைய?" என்றார்.

தங்கவேலு திருதிருவென்று விழித்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பல்லைக் காட்டினான். அட பாவி! வாயைத் திறக்கவே இல்லை. கன்னியம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "கம்முனு இரு, வேலை போயிடும்" என்று காதில் சொன்னாள். கம்மென்று இருந்தேன்.

25-8-1979

என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். ஆரணியிலேயே, மூன்று தறி ஓடுகிற வீடு. அம்மா ஒரு வாரமாக என் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறாள். கையைத் தாளிக்கப் போகிறாளோ என்னவோ.

2-9-1979

வந்தார்கள். காபி, பஜ்ஜி, நமஸ்காரம், எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா சாவித்திரி அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பையிலிருந்து ஒரு சிட்டம் பட்டு நூலை எடுத்து, "இதக் கொஞ்சம் பிரிச்சி வுடும்மா, பாக்கலாம்" என்றார்.

தறிக்காரர் வீட்டில் மருமகளுக்கு இதுதான் பரீட்சை. பாட்டெல்லாம் பிறகு.

வாங்கினேன். சிமெண்ட் தின்ற கை. வெடிப்பு வெடிப்பாக, தேங்காய் எண்ணெய்க்கெல்லாம் மசியுமா? ஒவ்வொரு இழையும் கையில் சிக்கி நின்றது. இழுத்தேன். அறுந்தது. உதறினேன். ஒட்டிக்கொண்டே வந்தது.

சாவித்திரி அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பினார். "இன்னாம்மா கையி இது?"

"டைப்பிங் போறா, டைப் அடிச்சி அடிச்சி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இன்னா மெஷினும்மா அது? ஜல்லி மெஷினா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர்கள் போனதும் அண்ணன் அறைந்தான். அப்போதும் அரைச் சிரிப்பில்தான் இருந்தேன்.

3-9-1979

நேற்றைய சிரிப்பு இன்று இல்லை. காலையில் அண்ணி எழுந்திருக்கும் முன்னால் தார் சுற்றும் ராட்டையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து வயசிலிருந்து சுற்றிய கை. இன்று ஒரு தார் ஒழுங்காக வரவில்லை. இழை முழுக்கப் பிசிறு. பட்டு என்னை இனிச் சேர்க்காது. கல்யாணம் போனதற்கு அழவில்லை, இதற்கு அழுதேன். நல்லா அழுதேன்.

அப்போ இன்னா மிச்சம் எனக்கு? சட்டியா? சாகிற வரைக்கும் சட்டிதானா? முடியாதுடா சாமி. கரணை ஒண்ணுதான் இருக்குது.

5-9-1979

அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு நிம்மதி. டைப்பிங் கிளாசும் மூடப்பட்டது, இனி ஆரணியிலேயே வேலைக்குப் போகலாம்.

17-11-1980

மழை. பெண்கள் விடுதி ஒன்றில் குளியலறைச் சுவர் பெயர்ந்து, சாக்கடை உடைந்து, ஒரே களேபரம். மேஸ்திரியோடு போனோம். வாசலில் வார்டன் அம்மா அபிதகுசாம்பாள், குடையோடு. "ஆம்பளைங்க ஒருத்தர்கூட உள்ள காலு வைக்கக் கூடாது" என்றார்.

"ஆம்பள இல்லாம சுவரு எப்டிம்மா பூசறது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அது உங்க பேஜாரு. பொண்ணுங்க மூணு நாளா குளிக்கல."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அப்போது கன்னியம்மா, இருபது வருஷமாக வாய் திறக்காத கன்னியம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "தேவிகாபுரத்துல கக்கூசு சுவரு யாரு பூசனதுன்னு நெனச்சிகினு கீற? இந்தத் தங்கவேலா? மூஞ்சப் பாரு. ரேணு பூசனது."

மேஸ்திரி தங்கவேலுவைப் பார்த்தார். அவன் மழையைப் பார்த்தான்.

கரணையை நீட்டினார். வெற்றிலை இல்லை, சூடம் இல்லை. "சித்தாளுன்னே சொல்லிக்க. கொத்தனாருன்னு வெளிய சொல்லிகினு திரியாத" என்றார்.

21-11-1980

முடிந்தது. கதவுக்கு உள்ளே நான் கொத்தனார், வெளியே வந்தால் சித்தாள். மேஸ்திரி பாதி நாள் விடுதி மதில் மேல் எக்கி எக்கிப் பார்த்திருக்கிறார். வார்டன் அம்மா பிரம்பு எடுத்துக்கொண்டு வந்ததாகக் கன்னியம்மா சொன்னாள்.

24-11-1980

புதுக் கட்டடம். என் தலைக்குச் சட்டி வந்தது. "கரணை?" என்றேன். "அது அங்க, இது இங்க" என்றார் மேஸ்திரி. சட்டியைக் கீழே வைத்தேன். கரணை கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை மெதுவாகத்தான் நடந்தேன், கூப்பிடுவார்கள் என்று.

6-1-1981

வீட்டில் மறுபடி இடம் மாற்றி உட்காருகிறேன். அண்ணன் பேசுவதில்லை, ஆனால் பார்க்கிறான். அது பேச்சை விட மோசம்.

தப்பு செய்துவிட்டேனோ? சட்டியாவது இருந்தது.

11-2-1981

மேஸ்திரி பச்சையப்பன் எங்கள் வாசலில்! செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அம்மா பயந்து நாற்காலி போட்டாள்.

"அந்த வார்டனம்மா தங்கச்சி கலசப்பாக்கத்துல வீடு கட்டுறாங்க. நம்மகிட்ட வேலை குடுக்குறாங்களாம். ஆனா அந்தப் பொண்ணு பூசினாதான் குடுப்பேன்னு சொல்றாங்கம்மா."

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"நீதான்."

"நான் சித்தாளாச்சே. பொம்பள தொட்டா சுவரு வெடிக்குமே?"

"வெடிச்சா அவங்க வீடு, உனக்கின்னா போச்சு. வரியா இல்லியா?" என்றார். மனுஷன் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. போனேன்.

4-2-1982

கலசப்பாக்கம் வீடு கிரகப்பிரவேசம். நான்கு அறைக்குப் பூச்சு என்னுடையது. மற்றதில் தங்கவேலுவின் கை இருக்கிறது, பார்த்தாலே தெரியும்.

பூஜை முடிந்து வேலைக்காரர்களுக்கு மரியாதை. ஊர் வழக்கம்தான், கொத்தனாருக்கு வேட்டி துண்டு, சித்தாளுக்கு ரவிக்கைத் துணி. வீட்டுக்காரர் தாம்பாளத்தோடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேஸ்திரி முதலில். பிறகு இரண்டு கொத்தனார்கள். பிறகு தங்கவேலு. அவன் வாங்கியதும் தாம்பாளத்தில் இன்னும் ஒரு வேட்டி இருந்தது. அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "ரேணுகாம்பாள்" என்றார்.

நான் எழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீட்டம்மா ஓடி வந்தார். "அய்யய்யே, கொத்தனாரு அஞ்சு பேருன்னு மேஸ்திரி சொன்னாரு, இவரும் அஞ்சு வேட்டி எடுத்துட்டாரு. தப்பா நெனக்காதம்மா. நல்ல ரவிக்கைத் துணியா எடுத்துக் குடுக்கறேன், இரு" என்றார்.

அஞ்சு என்று மேஸ்திரி சொன்னாரா? திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி பச்சையப்பன் புதுக் கூரையை அண்ணாந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இப்போதுதான் முதல் முறை பார்ப்பது போல.

வீட்டம்மா எடுத்து வந்த ரவிக்கைத் துணி நல்ல பச்சை. எனக்கு உதவும். வேட்டி எனக்கு எதற்கு? ஆனால் அந்தப் பச்சையை வாங்கினால் நாளைக்கு என் தலையில் சட்டி இருக்கும்.

"வேட்டியே குடுங்கம்மா" என்றேன்.

"வேட்டியா?"

"துண்டும்."

கொடுத்தார்கள். மஞ்சள் குங்குமம் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் வேட்டி மேலேயே வைத்துக் கொடுத்தார்கள். கன்னியம்மா கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிரித்துப் பார்த்தாள். "யாருக்குடி வேட்டி?"

"எனக்கு."

"ஐயோ, ஊரு சிரிக்கும்டி. அண்ணனுக்குக் குடுத்துடு, கட்டிக்கட்டும்."

அண்ணன் தறியை நிறுத்தினான். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினான். "கரை நல்லாத்தான் கீது" என்றான்.

"ஆமா, கொத்தனாருங்களுக்குக் குடுத்தது" என்று சொல்லி, மடித்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.