மாதாவின் அடுத்த வீடு

அன்பின் பெத்ரு அண்ணைக்கு,

ஒருநாள் விருந்தாளியாக வந்த மாதா நாற்பது நாள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். கோபிக்காதீர்கள். உங்கள் கோவா வழக்கப்படி மாதா சுரூபம் ஒரு வீட்டில் ஓர் இரவுதான் தங்கலாம், செபம் முடிய அவித்த கடலை பகிரவேண்டும், மறுநாள் அந்த வீட்டாரே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போகவேண்டும். எல்லாம் தெரியும். அடுத்த வீடு எது என்று சொல்லாமல் நீங்கள் கண்ணை மூடிவிட்டால் நான் என்ன செய்வது?

இங்கே பாரிசின் லா ஷப்பலில் கோவாக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இடம்மாறிப் போக, ஒக்டோபரில் மாதாவை எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளுக்கும் கொண்டுவந்தது நீங்கள்தானே. "கடலை அவிக்கத் தெரிஞ்ச வீடெல்லாம் அவவின்ரை வீடுதான் தம்பி" என்றீர்கள், ரூ காய் தெருச் சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு. எங்களோடு இருபது வருடம் சமைத்ததில் எங்கள் தமிழும் உங்களுக்கு ஒட்டிக்கொண்டது. என் மனைவி கமலா மாதாவைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, இருவருக்கும் ஒரே கடலையைப் படைத்தாள். சண்டை ஒன்றும் வரவில்லை.

கோவாவில் பிறந்தீர்கள். மொசாம்பிக்கில் உடுப்புத் தைத்தீர்கள். லிஸ்பனில் கோப்பை கழுவிவிட்டுப் பாரிசுக்கு வந்தீர்கள். ஒவ்வொரு ஊரிலும் "ஆறு மாசம்தான்" என்று சொல்லி வெளிக்கிட்டதாகச் சொல்லிச் சிரிப்பீர்கள். தாயில்லாத உங்கள் மகன் மனுவெலை எட்டு வயதில் லிஸ்பனில் உங்கள் தங்கையிடம் விட்டபோதும் அதைத்தான் சொன்னீர்களாம். இங்கே கூப்பிட்டு எடுத்தபோது மகனுக்குப் பத்தொன்பது வயது. கதை அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

மனுவெல் இதே பாரிசில், ஸ்டாலின்கிராட் பகுதியில் இருந்தான், பத்து நிமிட நடை. மூன்று கண்டம் பார்த்த மனிதருக்கு அந்தப் பத்து நிமிடம் நடக்க முடியவில்லை. பெருநாளுக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். மாதா போகும் வீடுகளின் பெயரை எழுதும்போதும் அவன் பெயரை விட்டுவிடுவீர்கள். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"கேட்டு, அவன் மாட்டன் எண்டால் நான் தாங்கமாட்டன் தம்பி."

நானும் வாயை மூடிக்கொண்டேன். இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். அது என் பிழை, அண்ணை.

உங்கள் அடக்கத்தன்று அவன் பின்வரிசையில் நின்றான். கையைப் பிடித்தேன்.

போன ஞாயிறு கமலாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மகன் இருக்கேக்கை ஏனப்பா வேற வீடு தேடுறியள்? கொண்டுபோய்க் குடுங்கோ" என்று மாதாவைப் புதுத் துவாயில் சுற்றிக் கையில் தந்தாள். வழியெல்லாம் எனக்குப் பயம். மாட்டேன் என்று அவன் கதவைச் சாத்தினால், மாதாவோடு படிக்கட்டில் எப்படி நிற்பேன்?

கதவைத் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை, மாதாவைத்தான் பார்த்தான். "இன்றைக்கு உங்கள் வீடு" என்றேன், என் அரைகுறைப் பிரெஞ்சில். இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒவ்வொரு ஒக்டோபரிலும் வீட்டைத் துடைத்து வைப்பேன். நீங்கள் எல்லோரும் பாடிக்கொண்டு கீழே போவது கேட்கும். அப்பா மேலே ஏறி வருவார் என்று பார்த்துக்கொண்டு இருப்பேன். என் வீட்டுக்கு வர அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்."

கேட்டீர்களா அண்ணை? அவன் வாசலிலேயே உங்களைத் திட்டினேன். நல்லவேளை, தமிழில். அழுகையும் வந்துவிட்டது. பிறகு, தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் போட்டு, நீங்கள் ஏன் வரவில்லை என்று சொன்னேன். மகன் மாட்டேன் என்றால் தாங்கமாட்டேன் என்று பயந்தீர்கள் என்றேன்.

இன்னொருமுறை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

வரும் ஒக்டோபரில் பெயர்களை நான்தான் எழுதுவேன். மனுவெலின் பெயர்தான் முதலில். முழங்கால் எவ்வளவு நொந்தாலும் மேலே ஏறி மணியடிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சிவராசா