நான்கு பேருக்குச் சொன்ன ‘ஆகட்டுங்க’

1938 பிப்ரவரி 3, வியாழன்

காலையில் கடும் பனி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பத்திரிகை படித்து முடித்தபோது வெயில் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற பத்திரப் பதிவு சப்-ரிஜிஸ்திராருக்கு வேறு என்ன அவசரம்?

தெய்வாத்தாள் இரண்டு தபால்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று சென்னையிலிருந்து, மற்றது பம்பாயிலிருந்து. “ரெண்டும் வந்துருச்சுங்க மாமா. படிச்சுப் பாத்து எதுக்குப் போறதுன்னு சொல்லுங்க.”

சென்னையில் இருப்பது ஒரு மிஷன் நிலையம். ஓராண்டுப் பயிற்சி. பம்பாயில் இருப்பது பட்டதாரிகளுக்கு மட்டுமான பள்ளி. இரண்டாண்டுகள். சமூக சேவையைப் பாடமாகவே படிப்பதாம். தர்மம் செய்வதற்குக்கூடப் பள்ளிக்கூடமா என்று கேட்டுவிட்டேன். “தர்மம் பண்றதுக்கில்லீங்க மாமா. தர்மம் கேக்கற நெலமை ஏன் வருதுன்னு பாக்கறதுக்கு” என்றாள். பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்ட எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

இவள் என் மருமகள். மகன் டைபாய்டில் போனபோது இவளுக்குப் பத்தொன்பது. சென்னை ஹாஸ்டலில் வைத்து பி.ஏ. வரை படிக்க வைத்தது என் மனைவி. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். முடிவு செய்வது அவள், பதிவு செய்வது நான் என்றே முப்பத்தைந்து வருடம் ஓடியது. போன ஐப்பசியில் அவளும் போய்விட்டாள். இப்போது முடிவு என்னிடம் வந்து நிற்கிறது. நான் என்ன செய்வேன்?

இரண்டு இடத்தாரும் ஒன்றைக் கேட்கிறார்கள்: சொந்த ஊரில் ஏதாவது ஒரு நிலையத்தில் இரண்டு மாதம் வேலை பழகி, அங்குள்ள பொறுப்பாளரிடம் அறிக்கை வாங்கி அனுப்ப வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரியாகவே இருக்க வேண்டும். பம்பாய்க்கு எதுவானாலும் சரி.

“எடம் நான் பாக்கறேன், அம்மணி” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 6, ஞாயிறு

தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பம்பாய் என்று எழுதினேன். தூரம், பாஷை, சாப்பாடு, துணை, படிப்பின் தரம். சென்னை கிட்டே இருக்கிறது. பம்பாய் படிப்பு உயர்த்தி. சென்னையில் தமிழ் உண்டு. பம்பாய்க்கு அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். எழுத எழுத இரண்டு பக்கமும் சமமாகவே நின்றன. வேண்டுமென்றே நான்தான் அப்படி எழுதுகிறேனோ?

தெய்வாத்தாள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். “எல்லாம் இருக்குதுங்க மாமா. உங்களைத்தான் காணமே.”

“நான் எதுக்கு இதுல?”

“நான் போயிட்டா உங்களுக்குச் சோறாக்கிப் போடறது ஆருங்க?”

தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, புதன்

மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாள் நல்ல மாதிரி. “தாராளமாக அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்றார். “ஆகட்டுங்க” என்று சொல்லி வந்தேன்.

ஆனால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் என்ன அர்த்தம்? நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று எவனும் சொல்லமாட்டான். கடன் கேட்டாலும், பெண் கேட்டாலும், “அதுக்கென்னுங்க, பாத்துக்கலாம்” என்று மோர் கொடுத்து அனுப்புவோம். வந்தவனும் மோரைக் குடித்துவிட்டு, கிடைக்காது என்று புரிந்துகொண்டு போவான். எனக்கு இன்று எலுமிச்சைச் சர்பத் கொடுத்தார்கள். ஆகவே இது நடக்காது. வேறு இடம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 14, திங்கள்

சிங்காநல்லூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் நஞ்சுண்டன் மேனேஜர். என்னிடம் பத்திரம் பதிந்தவர். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். அங்கே படித்த பெண் ஒருத்தி வேண்டுமாம். “உங்க மருமக வந்தா எங்களுக்குத்தானுங்க பெருமை! அனுப்பி வெய்ங்க” என்றார். காப்பி வந்தது. இவ்வளவு உபசாரம் இருந்தால் இதுவும் நடக்காது.

“ஆகட்டுங்க” என்றேன்.

பிப்ரவரி 17, வியாழன்

போத்தனூரில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடக்கிறது. நடத்துகிறவர் மாசாணம் என்ற வாத்தியார். அவரும் அவ்வூர்ச் சேரியிலேயே பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவர். தெய்வாத்தாள் இடம் தேடுவது அவர் காதுக்கு எப்படி எட்டியதோ, இன்று வீடு தேடி வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, “ஏனுங்க ஐயா” என்று கூப்பிட்டார்.

உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்றது. வாய் அப்படியே நின்றுவிட்டது. அலுவலகத்தில் யார் வந்தாலும் பெஞ்சில் உட்கார வைத்தவன்தான் நான். வீட்டில் ஏன் முடியவில்லை? கடைசியில் நானே கேட்டுக்கு வெளியே போய், இருவரும் வெயிலில் நின்று பேசினோம்.

“பொம்பளப் புள்ளைங்க ஒம்பது பேரு இருக்குதுங்க ஐயா. வயசுக்கு வந்தா ஊட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிடறாங்க. ஒரு பொம்பள தொணை இருந்தா விட்டுவெப்பாங்க. அம்மணி ரெண்டு மாசம் வந்தாக்கூடப் போதுங்க.”

“ஆகட்டுங்க, வாத்தியாரே.”

வேறு என்ன சொல்வது? அந்த வெயிலில் அவரை நிற்க வைத்துவிட்டு இல்லை என்றும் சொல்வதா?

பிப்ரவரி 20, ஞாயிறு

தெய்வாத்தாளின் அண்ணன் பாலுசாமி வெள்ளகோவிலிலிருந்து வந்தான். அவன் மனைவி படுத்த படுக்கை. நான்கு குழந்தைகள். தெய்வாத்தாள் பின்கட்டில் இருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “மாமா, அத்தையும் போயிட்டாங்க. இனி இவ இங்க இருந்து என்னுங்க பண்றது? சித்திரை கழிஞ்சு எங்கூட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேனுங்க. புள்ளைங்களப் பாத்துக்குவா.”

“ஆகட்டும் மாப்ள, பாத்துக்கலாம்” என்றேன். இல்லை என்பதைத்தான் இப்படிச் சொன்னேன். அவனும் நம் பக்கத்து ஆள்தானே. புரிந்துகொண்டிருப்பான்.

புரிந்துகொண்டிருப்பானா?

மார்ச் 5, சனி

தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை காலை உங்கள் மருமகளை எதிர்பார்க்கிறோம் என்று. மத்தியானம் ஆலை வண்டிக்காரன் வந்தான். திங்கட்கிழமை வண்டி அனுப்பட்டுமா என்று. சாயங்காலம் மாசாணம் வாத்தியார் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். விடுதியில் தனி அறை ஒழித்து, வெள்ளையடித்தாகிவிட்டதாம்.

மூவரும் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்கள். நான் மட்டும்தான் உபசாரமாக எடுத்துக்கொண்டேன்.

தெய்வாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். “ஒரு மருமகளை மூணு எடத்துக்குக் கிரயம் எழுதிக் குடுத்துப்போட்டீங்களே, மாமா! நீங்களே பதிவு பண்ணாம விட்டிருப்பீங்களேங்க இந்தப் பத்திரத்த!”

பாலுசாமிக்குச் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பயம்.

மார்ச் 7, திங்கள்

அவள் போத்தனூர் போய்விட்டாள். உங்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட முடியாது, ராத்திரிக்கு வந்துவிடுவேன் என்றாள். ஏன் போத்தனூர் என்று கேட்டேன். “மத்த ரெண்டு எடத்துலயும் நானில்லீனா வேற ஆள் வருவாங்க மாமா” என்றாள்.

டாக்டரம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முகம் மாறிவிட்டது. வேறொரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இனி என் பேச்சை நம்பி எதுவும் செய்வதற்கில்லை என்று நல்ல தமிழில் சொன்னார். ஆஸ்பத்திரி அறிக்கை இல்லையென்றால் சென்னைப் படிப்பும் இல்லை. இரண்டு கதவில் ஒன்றை நானே அடைத்துவிட்டேன். பக்கத்துக் கதவை. தூரத்துக் கதவு மட்டும் திறந்து கிடக்கிறது.

மார்ச் 8, செவ்வாய்

ஆலைக்கும் போனேன். நஞ்சுண்டன் இல்லை. கொட்டகையில் பழனியாத்தாள் என்ற ஆயா, வரிசையாகத் தொட்டில்கள், ஒரே அழுகை. நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

“பி.ஏ. படிச்ச அம்மணி வருவாங்கன்னாங்க. தாத்தனையா அனுப்பிச்சிருக்காங்க? செரி, இந்தக் கயித்தப் புடிங்க.”

“இல்லீங்க, நான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு—”

“ஆட்டிக்கிட்டே சொல்லுங்க. வாயிதான பேசுது, கை சும்மாத்தான இருக்குது?”

சாயங்காலச் சங்கு ஊதும்வரை ஆட்டினேன். மன்னிப்பை இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் வரச் சொன்னாள். என்ன சொன்னேன் என்று எழுதவும் வேண்டுமா?

மார்ச் 12, சனி

போனேன். ஒரு குழந்தை என் சட்டையை நனைத்துவிட்டது. பழனியாத்தாள், “ரிஜிஸ்தர் ஆச்சுங்க” என்றாள். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

தெய்வாத்தாள் மெலிந்திருக்கிறாள். விடுதியில் முதல் இரண்டு வாரம் பெண்பிள்ளைகள் அவள் கையால் சாப்பிடவே இல்லையாம். கவுண்டர் வீட்டு அம்மணி பரிமாறினால் எழுந்து நின்றுவிடுகிறார்கள். இப்போதுதான் உட்காருகிறார்களாம். சின்னாத்தாள் என்ற பெண் பெரியவளானாள். அவள் தகப்பன் கூட்டிப்போக வந்தான். தெய்வாத்தாள் தனக்குக் கொடுத்த தனி அறையை அவளுக்கே விட்டு, பகலெல்லாம் கூடவே இருப்பதாகச் சொன்னதும் விட்டுவிட்டுப் போனானாம்.

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மகன் போன பிறகு நான் பார்க்காத முகம்.

அப்படியானால் பம்பாய்தானா? சரி என்று மனசு சொன்ன உடனே அடுக்களையைப் பார்த்தேன். அவளை நினைத்துத் தயங்குகிறேனா, என் சோற்றை நினைத்தா? பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மே 7, சனி

மாசாணம் வாத்தியார் அறிக்கையைக் கொண்டுவந்தார். கேட்டைத் திறந்து, “உள்ள வாங்க வாத்தியாரே” என்றேன். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவரும் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார்.

அறிக்கையில் புகழ்ச்சி அதிகம் இல்லை. ‘ஆரம்பத்தில் அவசரம் உண்டு. பிள்ளைகளைக் கேட்காமல் அவர்களுக்காக முடிவு செய்தார். பிறகு கேட்கக் கற்றுக்கொண்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. தெய்வாத்தாள், “உள்ளதத்தான எழுதியிருக்கறாரு” என்று அப்படியே உறையில் போட்டாள்.

மே 16, திங்கள்

அவிநாசித் தேர் பார்த்துவிட்டு, கூண்டு வண்டியோடு பாலுசாமி வந்தான். “சாமானெல்லாம் கட்டியாச்சுங்களா?” என்றபடி நுழைந்தான்.

தெய்வாத்தாள் என்னைப் பார்த்தாள். “எந்தச் சாமானுங்க மாமா?”

“மாமா ஒண்ணுஞ் சொல்லலியா? மாசியிலயே ஆகட்டும்னு சொல்லிப்போட்டாரே!”

அவள் கண் மேஜைப் பக்கம் போனது. பம்பாயிலிருந்து இடம் கொடுத்து வந்த தபால் மேஜைமேல் கிடந்தது. காப்பாளர் சம்மதம் என்ற இடம் மட்டும் காலி. நாலு நாளாக நான் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

“மாப்ள, அது நான் ஒரு பேச்சுக்கு…”

“பேச்சுக்கா? எம் பொண்டாட்டி எந்திரிச்சு நிக்கமாட்டாம கெடக்கறா. புள்ளைங்க அத்தை வருவான்னு வாசப்படியில நிக்குதுங்க. அன்னிக்கே இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பனல்லங்க!”

அவன் சொன்னது நியாயம். அதுதான் தாங்க முடியவில்லை. என் மரியாதை நான்கு குழந்தைகளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. இன்னொரு தடவை பாத்துக்கலாம் என்றால் இன்று தப்பிக்கலாம். வாய்வரை வந்தது.

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. அலுவலகத்தில் பத்திரம் எழுதிக்கொடுப்பவரிடம் உட்கார்ந்துதான் இதைக் கேட்பேன். “தெய்வாத்தாள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயபுத்தியோடு நீ கேட்பது எது?” குரல் பழைய குரலாக வந்தது.

“பம்பாய்க்குப் போறதுங்க, மாமா.”

பாலுசாமியிடம் திரும்பினேன். “அனுப்பறதுக்கில்லை மாப்ள. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். தப்பு என்னுது. புள்ளைங்களுக்கு ஆள் நான் தேடித் தாரேன். இவளை அனுப்பமாட்டேன்.”

அவன் சாப்பிடாமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். தெய்வாத்தாள் பின்னாலேயே வாசல்வரை ஓடி, “அண்ணா, புள்ளைங்களுக்கு முறுக்காச்சும்…” என்றாள். வாங்கவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு கையெழுத்துப் போட்டேன். பேனா மேஜைமேல்தான் இருந்தது.

மே 29, ஞாயிறு

பழனியாத்தாளின் சின்னம்மா மகள் குழந்தையம்மாள், புருஷன் இல்லாதவள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வெள்ளகோவில் போகச் சம்மதித்தாள். நானே கூட்டிப்போய் விட்டேன். பாலுசாமி என்னிடம் பேசவில்லை. மோர் மட்டும் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9, வியாழன்

போத்தனூர் ஸ்டேஷன். விடுதிப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வண்டி கிளம்பும்போது தெய்வாத்தாள், “ரசத்துக்குப் புளி கொஞ்சமாப் போடுங்க, மாமா” என்றாள். வேறெதுவும் பேச நேரமில்லை.

ஜூன் 10, வெள்ளி

புளி அதிகம்.

ஜூலை 23, சனி

தபால் வந்தது. களவேலைக்கு அவளை ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பாஷை புரியாமல் வாசல்களில் நிற்கிறாளாம். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறாள். இது எனக்கும் தெரியாது. சென்னையே சரியாக இருந்திருக்குமோ? தெரியாது. கடைசி வரியில், எனக்கு மேற்பார்வை செய்ய ஓர் அம்மாள் இருக்கிறார், உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறாள்.

பழனியாத்தாளிடம் வாசித்துக் காட்டினேன். “நாந்தான்னு எழுதுங்க. இன்னும் பாஸ் ஆவலீன்னும் எழுதுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்று ஒரே சமயத்தில் மூன்று தொட்டில் ஆட்டினேன். கால் கட்டைவிரலுக்கும் ஒரு கயிறு. சங்கு ஊதியதும் பழனியாத்தாள் கேட்டாள்: “நாளைக்கும் வாரீங்களா, ரிஜிஸ்தரய்யா? எனக்கு ஊர்ல ஒரு சோலி.”

ஆகட்டுங்க என்று வாய் திறந்தது. நாளைக்குத் தெய்வாத்தாளுக்குப் பருப்புப்பொடி இடித்துப் பார்சல் கட்ட வேண்டும்.

“நாளைக்கு முடியாதுங்க” என்றேன்.

“செரி, வேற ஆயாகிட்டக் கேக்கறேன்” என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதானா?